ஓடும் காரை நிறுத்தும் உள்ளங்கை அளவுத் தகடு!

பேசின் பிரிட்ஜ்!

சென்டிரலை விட்டு ரெயில் கிளம்பியதும் முதலில் வரும் இடம் இதுதான். இந்தப் பக்கம் தண்டவாளம். அந்தப் பக்கம் தண்டவாளம். வடக்கே கூடூருக்குப் போகும் பாதையும், மேற்கே அரக்கோணத்துக்குப் போகும் பாதையும் இங்கேதான் பிரிகின்றன.

சென்டிரலில் இருந்து நெடுந்தூரம் போகும் ரெயில்கள், இங்குள்ள யார்டில்தான் குளித்து, முகம் துடைத்துக்கொண்டு பயணத்துக்குத் தயாராகின்றன.

குளிப்பது மட்டும் அல்ல. ரெயில் நிற்கும் தண்டவாளத்துக்கு நடுவே நீளமான குழி இருக்கும். தொழிலாளர்கள் அந்தக் குழிக்குள் இறங்கி நின்று, தலைக்கு மேலே உள்ள ஒவ்வொரு சக்கரத்தையும் பார்ப்பார்கள். விளக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். பிரேக் கட்டை தேய்ந்து இருந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவார்கள். பிறகு காற்றை ஏற்றி, இறக்கி, எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் பிடிக்கிறதா என்று சோதிப்பார்கள்.

பிரேக் சரி இல்லையா? ரெயில் கிளம்பாது. மந்திரியே ஏறி உட்கார்ந்து இருந்தாலும் கிளம்பாது!

சரி. அதே பேசின் பிரிட்ஜில், அந்த யார்டுக்குப் பக்கத்துத் தெருவில், வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் குடும்பமே ஏறிக்கொள்கிறது. அந்தக் காருக்குக் கீழே கடைசியாக யார் குனிந்து பார்த்தது?

பெரும்பாலும் யாரும் பார்ப்பது இல்லை. வர்ணம் போய்விட்டால் கவலைப்படுவார்கள். ஏ.சி. குளிராவிட்டால் உடனே ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுவார்கள். பிரேக் மட்டும் "கீச்" என்று கத்தினால்தான் நினைவுக்கு வரும்.

வேகம் எங்கே போகிறது?

கார் ஓடுகிறது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். நின்றுவிடுகிறது. அதுவரை இருந்த வேகம் எங்கே போனது?

சூடாக மாறிவிட்டது!

1,000 கிலோ எடை உள்ள ஒரு கார் மணிக்கு 90 கிலோ மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். அதை ஒரே மூச்சில் பிரேக் பிடித்து நிறுத்தினால் எழும் சூடு, அடுப்பில் 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அத்தனை சூடும் சில விநாடிகளில் பிறக்கிறது. அதைத் தாங்குவது எது? சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்து இருக்கும் உள்ளங்கை அளவுத் தகடுகள்தான். அவற்றுக்குத்தான் பிரேக் பேட் என்று பெயர்.

சைக்கிளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சைக்கிளில் இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பை இரு பக்கமும் பிடிக்கின்றன. காரில் சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். அதை இரண்டு பேட்கள் இடுக்கி போல இரு பக்கமும் கவ்வுகின்றன. பல கார்களில் முன் சக்கரத்துக்கு டிஸ்க்கும், பின் சக்கரத்துக்கு டிரம்மும் இருக்கும். டிரம்முக்குள் இருப்பது பேட் அல்ல, பிரேக் ஷூ.

முன் பக்கத்துக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை? பஸ்சில் திடீர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு இருப்பவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள்? முன் பக்கம்தானே! காரின் எடையும் அப்படித்தான் முன்னால் சாய்கிறது. அதனால் முன் சக்கர பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். அதுதான் முதலில் தேயும்.

இன்னொரு கணக்கும் உண்டு. வேகம் இரண்டு மடங்கு ஆனால், நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்கு ஆகும். நல்ல சாலையில், நல்ல பிரேக்கில் 40 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் கார் சுமார் 9 மீட்டரில் நிற்கும் என்றால், 80-ல் வரும் கார் நிற்க 36 மீட்டர் வேண்டும். டிரைவர் திடுக்கிட்டு, காலைத் தூக்கி பெடலில் வைப்பதற்குள் ஓடிவிடும் தூரம் இதில் சேரவில்லை!

செருப்புத் தைப்பவர் போட்ட பிரேக்

உலகில் முதன் முதலாக காருக்கு பிரேக் லைனிங் போட்டவர் யார்? பெரிய என்ஜினீயரா? இல்லை. ஒரு குடும்பப் பெண்!

அவர் பெயர் பெர்த்தா பென்ஸ். மோட்டார் காரை உருவாக்கிய கார்ல் பென்சின் மனைவி.

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஒரு நாள் விடியற்காலை. கணவர் தூங்கிக்கொண்டு இருந்தார். அவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மூன்று சக்கரக் காரில் பெர்த்தா கிளம்பிவிட்டார்! ஜெர்மனியில் உள்ள மன்ஹைமில் இருந்து, தாய் வீடு இருந்த ஊருக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் பயணம். அந்தக் காலத்தில் பெட்ரோல் பங்க் ஏது? வழியில் ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றினார்.

இறக்கத்தில்தான் வந்தது ஆபத்து. காரின் பிரேக் கட்டைகள் மரத்தால் ஆனவை. தேய்ந்துபோய், பிடிக்க மறுத்தன. பெர்த்தா கலங்கவில்லை. வழியில் இருந்த ஒரு கிராமத்தில் செருப்புத் தைப்பவரைத் தேடிப் பிடித்தார். மரக்கட்டை மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். பிரேக் பிடித்தது! பயணமும் முடிந்தது.

9 ஆண்டுகள் கழித்து, 1897-ல், இங்கிலாந்தில் ஹெர்பர்ட் புரூட் என்பவர் இதே வேலையைத் தொழிலாகவே தொடங்கினார். மலைச் சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள், சக்கரத்துக்கு இடையே பழைய பூட்சைச் செருகி வண்டியை நிறுத்துவதை அவர் பார்த்தாராம். இதைவிட நல்லதாகச் செய்யக்கூடாதா என்று முனைந்தார். தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து, 'பெரோடோ' என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயரில் இன்றைக்கும் பேட் விற்கிறது. காதலுக்குத் தாஜ்மகால் மட்டும்தான் அடையாளமா என்ன!

கல்நார் என்ற எமன்

தோலுக்குப் பிறகு வந்தது கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். கூரை போடும் அதே சரக்குதான். நெருப்பில் எரியாது. விலையும் மலிவு. அதனால் பிரேக் லைனிங்கில் பல பத்து ஆண்டுகள் அதுவே ஆட்சி செய்தது.

ஆனால் அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பல ஆண்டுகள் கழித்து மூச்சுத் திணறலும் புற்றுநோயும் வரும். இது தெரிந்த பிறகு, கல்நார் கலக்காத பேட்கள் வந்தன. பேட் வாங்கும்போது பெட்டியில் 'கல்நார் இல்லாதது' என்று போட்டு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

டிரம்மைக் கழற்றியதும் வாயால் 'பூ' என்று ஊதுவதும், காற்றுக் குழாயை வைத்து அடிப்பதும் பல இடங்களில் நடக்கிறது. அந்தத் தூசு முதலில் போவது, ஊதும் மெக்கானிக் பையனின் மூக்குக்குள்தான். பழைய லைனிங்காக இருந்தால் அதில் கல்நார் இருக்கவும் கூடும். ஈரத் துணியால் துடைக்கலாம். அதற்கு என்றே விற்கும் கிளீனரை அடிக்கலாம். வீட்டு வாசலில் வேலை நடந்தால், குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட வேண்டும்.

பிரேக் விஷயத்தில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1962-ல் பாடியில் 'பிரேக்ஸ் இந்தியா' தொடங்கியது. டி.வி.எஸ். குழுமமும், இங்கிலாந்தின் லூகாஸ் கிர்லிங்கும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. 1964-ல் ரானே பிரேக் லைனிங் வந்தது. ஓட வைக்கும் தொழிலில் எண்ணூருக்கு அசோக் லேலண்டு. நிற்க வைக்கும் தொழிலில் பாடிக்கும் அம்பத்தூருக்கும் பேர்!

எப்போது மாற்றுவது?

இத்தனை கிலோ மீட்டருக்கு ஒரு முறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. மதுரைக்கும் திருச்சிக்கும் நெடுஞ்சாலையில் ஓடும் காரில் பேட் மெதுவாகத் தேயும். மூலக்கொத்தளம், வால்டாக்ஸ் ரோடு, ராயபுரம் என்று சுற்றும் காரில் சீக்கிரம் தேயும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், மிதி, விடு, மிதி, விடு என்றுதான் பொழுது போகும்!

பேட்டில் இரும்புத் தகட்டின் மேல் ஒட்டி இருக்கும் கறுப்புச் சரக்குதான் தேய்கிற பாகம். அது 3 மில்லி மீட்டர் அளவுக்கு வந்துவிட்டால், மாற்றும் வேளை வந்துவிட்டது என்று பொருள். சரியான அளவு காரோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். சில பேட்களில் ஒரு சிறு தகரம் வைத்து இருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டும் கேட்காதது போல ஓட்டினால், கடைசியில் இரும்போடு இரும்பு உரசும். டிஸ்க்கும் போய்விடும். பேட் வாங்கும் இடத்தில் டிஸ்க்கும் வாங்கவேண்டி வரும்.

மாற்றினால், ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். "இடது பக்கம்தான் தேய்ந்து இருக்கிறது. அதை மட்டும் போடுங்கள்" என்று சொல்வது சிக்கனம் அல்ல. ஒரு பக்கம் அதிகமாகப் பிடித்து, மறு பக்கம் குறைவாகப் பிடித்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். மழை நாளில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது.

ஒரு பக்கம் மட்டும் ஏன் அதிகம் தேய்ந்தது என்றும் கேட்க வேண்டும். பேட்டைப் பிடித்து இருக்கும் காலிபர், துரு ஏறிச் சிக்கிக்கொண்டு இருக்கலாம். கடல் காற்று வீசும் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் துருவுக்குப் பஞ்சம் இல்லை. காலிபரைச் சரி செய்யாமல் பேட்டை மட்டும் மாற்றினால், புதுப் பேட்டும் அதே வழியில் போகும்.

எந்தப் பேட் வாங்குவது?

ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் உதிரி பாகக் கடைக்குப் போனால், ஒரே காருக்கு நான்கு விலையில் பேட் எடுத்துப் போடுவார்கள். எதை எடுப்பது?

முதலில் சரக்கு. நார், பிசின், ரப்பர் முதலியவற்றைக் கலந்து செய்த பேட் ஒரு வகை. சத்தம் குறைவு. டிஸ்க்கை அதிகம் தின்னாது. ஆனால் மிகவும் சூடானால் பிடிப்புக் குறையும். இரும்புத் தூளும் கம்பியும் கலந்தது இன்னொரு வகை. சூட்டை நன்றாகத் தாங்கும். கொஞ்சம் சத்தம் போடும். டிஸ்க்கையும் கொஞ்சம் தேய்க்கும். செராமிக் என்பது மூன்றாவது வகை. சத்தமும் கறுப்புத் தூசும் குறைவு. விலைதான் கூடுதல்.

வீட்டுக் காருக்கு எது நல்லது? கார் வந்தபோது எந்த வகை இருந்ததோ, அதுவே நல்லது. பந்தயக் காருக்குப் போடும் பேட்டை வாங்கிப் போட்டு, வேகமாக நிற்கப் பார்க்கிறார்கள் சிலர். அந்தப் பேட் சூடானால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும் காரில் பேட் எப்போது சூடாவது?

பல பேட்களின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டு இருக்கும். 'எப்.எப்.' என்றோ, 'ஜி.ஜி.' என்றோ இருக்கும். முதல் எழுத்து, சூடு குறைவாக இருக்கும்போது உள்ள பிடிப்பு. இரண்டாவது எழுத்து, நன்றாகச் சூடான பிறகு உள்ள பிடிப்பு. 'எப்' என்றால், பேட்டை 100 கிலோ பலத்தால் அழுத்தினால் அது 35 முதல் 45 கிலோ பலத்தால் பிடிக்கும். 'ஜி' என்றால் 45 முதல் 55. 'இ' என்றால் 25 முதல் 35 வரை. இது பரீட்சை மார்க் அல்ல. எழுத்து பெரிதாக இருந்தால் பேட் உசத்தி என்று அர்த்தம் இல்லை. பழைய பேட்டில் என்ன எழுத்து இருந்ததோ, அதுவே புதியதிலும் இருந்தால் போதும்.

போலிச் சரக்கும் உண்டு. பெட்டி அச்சு அசலாக இருக்கும். உள்ளே இருப்பது வேறு. அச்சு மங்கல், எழுத்துப் பிழை, பேட்டின் மேல் பெயரோ எண்ணோ இல்லாமை, விளிம்பில் சரக்கு உதிர்தல், "பில் வேண்டாம், விலையைக் குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கடைப் படியை விட்டு இறங்கிவிடலாம். பழைய கதவையும் கண்ணாடியையும் தேடி புதுப்பேட்டைக்குப் போவதில் தவறு இல்லை. பழைய பேட்டைத் தேடிப் போகக் கூடாது.

எண்ணெய் அல்லாத 'ஆயில்'

மெக்கானிக்குகள் இதை 'பிரேக் ஆயில்' என்பார்கள். ஆனால் இது எண்ணெயே அல்ல! இந்தப் பெயரால் விளைந்த கேடு கொஞ்சம் அல்ல. ஆயில்தானே என்று என்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால், பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் எல்லாம் ஊதிப் பெருத்துவிடும். அப்புறம் அத்தனையையும் கழற்ற வேண்டியதுதான்.

பெடலை மிதித்தால் அந்தப் பலத்தைக் குழாய் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இந்தத் திரவம். திரவத்தை அழுத்தினால் சுருங்காது. அதனால் கால் கொடுத்த பலம் அப்படியே போய்ச் சேரும்.

இதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக் காலத்தில் டப்பாவில் வைத்த உப்பு நசநசத்துப் போகிறது அல்லவா, அதுபோல! கடலோரச் சென்னையில் ஈரத்துக்கு என்ன குறை?

ஈரம் சேர்ந்தால் என்ன ஆகும்? கொதிநிலை இறங்கிவிடும். 'டாட்-3' என்ற வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் 140 டிகிரி வரைதான் தாங்க வேண்டும் என்று விதி கேட்கிறது. 'டாட்-4' வகைக்கு முதல் கணக்கு 230, இரண்டாவது 155. டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம். அவர்கள் வகுத்த தரம்தான் உலகம் எங்கும் பழக்கத்தில் இருக்கிறது.

கொதித்தால் ஆவி வரும். ஆவி திரவம் போல் அல்ல. அழுத்தினால் சுருங்கும். பெடலை மிதித்தால் கால் 'தொபுக்' என்று தரை வரைக்கும் போகும். கார் நிற்காது!

இது எங்கே நடக்கும்? திருப்பதி மலையில் நடக்கலாம்.

மலை இறங்கும்போது...

வட சென்னைக் குடும்பங்கள் காரில் போகிற தூரத்துப் பயணம் என்றால் பாதி திருப்பதிதான். 1944-ல் போட்ட முதல் மலைப்பாதையில் இப்போது வண்டிகள் இறங்குகின்றன. 1974-ல் வந்த இரண்டாவது பாதையில் ஏறுகின்றன. இறங்கும் உயரம் சுமார் 700 மீட்டர்.

1,000 கிலோ எடை அவ்வளவு உயரம் இறங்குகிறது. அந்தச் சக்தி முழுவதையும் பிரேக்கே தாங்கினால், எழும் சூடு 20 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். காரில் ஐந்து பேரும், லட்டுப் பையும், மொட்டைத் தலைகளும் இருந்தால் கணக்கு இன்னும் ஏறும்!

அதனால்தான் அனுபவம் உள்ள டிரைவர்கள் இரண்டாவது கியரில் இறங்குகிறார்கள். என்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். என்ஜினை அணைத்துவிட்டு, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். பிரேக் பெடலை இலகுவாக்கித் தரும் உதவியே என்ஜின் ஓட்டத்தில் இருந்துதான் வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

ரெயிலுக்கு இந்த ஆபத்து இல்லை. பேசின் பிரிட்ஜில் நிற்கும் ரெயிலின் குழாயில் எப்போதும் காற்று அழுத்தமாக இருக்கும். காற்று குறைந்தால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்துபோனால் ரெயில் தானாக நிற்கும். காரில் தலைகீழ். திரவம் ஒழுகிப்போனால் பிரேக் போய்விடும். அதற்காகத்தான் இப்போதைய கார்களில் குழாயை இரண்டு பிரிவாக வைக்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று அரைகுறையாகவாவது பிடிக்கும்.

எதை ஊற்றுவது?

டப்பாவின் மூடியிலேயே எழுதி இருக்கும். டாட்-3 என்று இருந்தால் டாட்-3. டாட்-4 என்று இருந்தால் டாட்-4. டாட்-3 கேட்கும் காரில் டாட்-4 ஊற்றலாம். டாட்-4 கேட்கும் காரில் டாட்-3 ஊற்றக் கூடாது. டாட்-5.1 என்பது இவற்றோடு சேரும் இனம். ஆனால் வெறும் டாட்-5 என்பது சிலிக்கோனால் ஆனது. மற்றவற்றோடு கலக்கவே கூடாது. ஒரு புள்ளியும் ஓர் ஒன்றும்தான் வித்தியாசம். பெயர் வைத்தவர்களுக்கு வேறு எண்ணே கிடைக்கவில்லை போலும்!

பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திரவத்தை முழுவதும் மாற்றச் சொல்கின்றன. கார் ஓடாமல் நின்றாலும் இது பொருந்தும். நிற்கும் காரிலும் ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

திரவம் குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடுவது நல்ல பழக்கம் அல்ல. ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். பேட் தேயத் தேய அளவு மெல்ல இறங்குவது இயற்கை. திடீர் என்று இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. சக்கரத்தின் உட்புறமும், கார் நின்ற தரையும் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுகும் காரை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகாமல், மெக்கானிக்கை வரச் சொல்ல வேண்டும்.

மாற்றும் வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தில் உள்ள திருகைத் திறந்து மூட, உள்ளே புகுந்த காற்று குமிழி குமிழியாக வெளியே வரும். ஒரு குமிழி தங்கினாலும் பெடல் பஞ்சு போல இருக்கும். ஏ.பி.எஸ். உள்ள சில கார்களுக்கு இதற்குக் கருவியும் வேண்டும். வீட்டுக்காரர் செய்யவேண்டியது ஒன்றுதான்: மூடி திறக்காத புது டப்பாவைத் தன் கண் முன்னால் திறக்கச் சொல்ல வேண்டும். காரின் வர்ணத்தில் இந்தத் திரவம் சிந்தினால் வர்ணம் உரிந்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

புதுப் பேட் போட்டதும் கார் நகரும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்துப் பார்க்க வேண்டும். முதல் மிதியில் கால் உள்ளே போகும். பிறகு கெட்டியாகிவிடும். இதை மறந்து காரை எடுத்து, எதிர் வீட்டுச் சுவரில் மோதியவர்கள் உண்டு. முதல் 200, 300 கிலோ மீட்டருக்குத் திடீர் பிரேக் போடாமல், மிதமாக மிதித்து ஓட்டினால், பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று பழகிக்கொள்ளும். அந்த நாட்களில் திருப்பதிப் பயணம் வேண்டாம்.

வேலை முடிந்ததும் டப்பாவில் கால் பங்கு மிஞ்சும். "வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை ஆகும்" என்று மெக்கானிக் கையில் கொடுப்பார். திறந்த டப்பா அலமாரியில் இருந்தபடியே ஈரத்தைக் குடித்துக்கொண்டு இருக்கும். அடுத்த தடவைக்கு அது ஆகாது. அவரிடமே திருப்பிக் கொடுத்து, பழைய திரவத்தோடு சேர்த்து அப்புறப்படுத்தச் சொல்லிவிடலாம். பக்கிங்காம் கால்வாயில் மட்டும் ஊற்ற வேண்டாம்.